500 பெரிசா, 2 பெரிசா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடையில் நிற்கிறவனுக்குச் சில வாக்கியங்கள் தூக்கத்தில்கூடக் கேட்கும். “தம்பி, இது கேக்கல, இதைவிட பவரா ஒன்னு குடு.” “650 எல்லாம் வேணாம்பா, அம்மாவுக்குத் தாங்காது, 500 போதும்.” “எனக்கும் அவருக்கும் சுகர்தான். அவருக்கு 2, எனக்கு 500. எனக்குத்தான் ஜாஸ்தியா?” கேட்கிறவர் நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயியாக இருக்கலாம், கலெக்டர் ஆபீஸ் ஊழியராக இருக்கலாம், கேள்வி மாறுவதில்லை. மாத்திரை அட்டையின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்தான் மருந்தின் பலம் என்று நம்புவதில் படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே கிடையாது.

இந்த நம்பிக்கையை முட்டாள்தனம் என்று ஒதுக்க எனக்கு மனசு வந்ததில்லை. ஏனென்றால் ஒரே மருந்துக்குள் அது சரிதான். பாரசிட்டமாலில் 500-ஐவிட 650 அதிகம். பிரஷருக்குப் போடும் அம்லோடிபினில் 5-ஐவிட 10 அதிகம். அதைப் பார்த்துப் பழகிய கண், அடுத்த அட்டையையும் அப்படியே படிக்கிறது. ஒரு மருந்தின் எண்ணை வேறொரு மருந்தின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல். பார்மசி படிக்கும்போது வீரியம் வேறு, விளைவு வேறு என்று ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். மருந்தின் அளவு கூடக்கூட விளைவு எப்படி ஏறுகிறது என்று காட்டும் இரண்டு வளைகோடு வரைந்து மார்க்கும் வாங்கினோம். அந்த வளைகோடுகள் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று எனக்கு உறைத்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையில்.

திருவந்திபுரம் படிக்கட்டு

எங்கள் தெருவில் ஒரு அத்தை. அறுபதைத் தாண்டியவர், பல வருஷமாகச் சுகர். காலையில் இரண்டு மாத்திரை: மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 2. முதலாவது வெள்ளையாக, பருமனாக இருக்கும், வீட்டில் அதற்குப் பெயரே குண்டு மாத்திரை. இரண்டாவது நகக்கண் அளவுகூட இருக்காது. புரட்டாசி சனிக்குக் கடலூர்க்காரர்கள் திருவந்திபுரம் போவது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தையும் மகளும் போனார்கள். அத்தைக்கு விரதம். தேவநாத சுவாமியைச் சேவித்துவிட்டு, எதிரே ஔஷதகிரி ஏறி ஹயக்ரீவரையும் பார்த்துவிட்டு இறங்கும்போது உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். (சஞ்சீவி மலையின் துண்டு விழுந்த இடம் என்று சொல்லப்படுகிற குன்று அது. மருந்து மலையில் மருந்தால் மயக்கம் என்று பிற்பாடு அத்தையே சொல்லிச் சிரித்தார்.)

மகள் கடைக்குப் போன் செய்தாள். “அண்ணே, அம்மா என்னமோ மாதிரி பண்றாங்க. என்னைச் சித்தி பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. பிரஷர் ஏறிடுச்சா?” காலையில் என்ன போட்டார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். “விரதம்ணே, ஒன்னும் சாப்பிடல. அதனால பெரிய மாத்திரைய விட்டுட்டு, சின்னதை மட்டும்தான் போட்டாங்க.” அந்த ஒரு வரியில் எல்லாம் விளங்கிவிட்டது. விழுங்க முடிகிறதா, பேச்சுக்குப் பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டேன். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழலுக்குப் போய்விடும். அத்தை பேசிக்கொண்டுதான் இருந்தார். “பக்கத்துல டீக்கடை இருக்கும்ல, மூணு நாலு ஸ்பூன் சர்க்கரையத் தண்ணில கரைச்சு உடனே குடும்மா. அப்புறம் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க.” கால் மணி நேரத்தில் அத்தைக்கு மகள் மகளாகத் தெரிந்தாள். “அதான் சரியாப் போச்சே, எதுக்கு ஆஸ்பத்திரி?” என்று படியிலேயே பிடிவாதம். மகள் கேட்கவில்லை, நல்லவேளை. அன்று இரவு வார்டில் சர்க்கரை மறுபடியும் இறங்கியது. குளுக்கோஸ் ஏற்றி, விடியும்வரை விரலைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். மெட்ஃபார்மின் முக்கியமாக ஈரலில் வேலை செய்கிறது. ஈரல் தானாகச் சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. கணையத்தைப் பிடித்து இன்சுலினைப் பிழிவதில்லை, அதனால் தனியாகப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு கணையத்தின் பீட்டா செல்லில் பொட்டாசியம் வெளியேறும் ஒரு வழியை அடைக்கிறது. அது அடைபட்டால் செல் இன்சுலினை வெளியே தள்ளும். சாப்பிட்டிருந்தால் அந்த இன்சுலினுக்கு வேலை இருக்கும். வயிறு காலியாக, வெயிலில், கூட்டத்தில் நின்று, குன்றும் ஏறினால், இருக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் அது வாரிக்கொண்டு போய்விடும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை. ஒரு நாள் முழுக்க அதன் வேலை நீடிக்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் இழுக்கும். டீக்கடைச் சர்க்கரை சீக்கிரம் கரைந்து போனது, மாத்திரை போகவில்லை.

வீடு திரும்பியபின் பார்க்கப் போனேன். அத்தைக்கு மனத்தாங்கல். “நான் பவரான மாத்திரையைத்தானப்பா விட்டேன்? வெறும் வயித்துல 500 தாங்காதுன்னுதானே விட்டேன்? அந்த ரெண்டு என்ன பண்ணிடும்?” எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் யோசித்த விதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. விரதமிருக்கும் நாளில் பலமான மருந்தை விட்டுவிட வேண்டும் என்பது சரியான முடிவு. எது பலமானது என்று கண்டுபிடிக்க அவர் கையில் இருந்த ஒரே தகவல் அட்டையில் இருந்த எண். அது அவரைக் கைவிட்டது. அவர் மருந்தை மறக்கவில்லை, அலட்சியப்படுத்தவும் இல்லை. கவனமாக இருந்ததால்தான் விழுந்தார் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. டாக்டர் அந்த 2-ஐ நிறுத்திவிட்டு வில்டாகிளிப்டின் 50 எழுதினார். சர்க்கரை உயரும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டும் வகை அது, அவர் வயதுக்குப் பாதுகாப்பு அதிகம். அத்தை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னாராம்: “ரெண்டுலேர்ந்து அம்பதுக்கு ஏத்திட்டாரு. நமக்கு முத்திடுச்சு.”

அந்த எண் எங்கிருந்து வந்தது

ஒரு 500 மெட்ஃபார்மின் மாத்திரையில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, ஒரு 2 மில்லிகிராம் கிளிமிபிரைடில் இருப்பதைப் போல எழுநூறு மடங்குக்கு மேல். கணக்குப் போட்டால் யாருக்கும் வரும். அத்தனை மூலக்கூறு எதற்கு? மெட்ஃபார்மினில் சுமார் பாதிதான் குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வருகிறது. வந்ததும் உடம்பில் பரவி, எந்த மாற்றமும் இல்லாமல் சிறுநீரில் போய்விடுகிறது. வேலை நடக்க அங்கே அதிகச் செறிவும் தேவை. கிளிமிபிரைடோ ஏறக்குறைய முழுசாக உள்ளே வருகிறது, போய் ஒட்டும் இடத்தில் மிகக் குறைந்த செறிவிலேயே ஒட்டிவிடுகிறது. ஆக, அட்டையில் இருப்பது அந்த மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேர வாயில் எவ்வளவு போட வேண்டும் என்ற கணக்கு மட்டும். போய்ச் சேர்ந்தபின் என்ன செய்யும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. தைராய்டு மாத்திரையில் இந்த வேடிக்கை உச்சம். 100 என்று போட்டிருப்பது மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. அத்தையின் 2-ஐவிட இருபது மடங்கு குறைவு, ஆனால் இதயத் துடிப்பையும் உடல் சூட்டையும் மாதவிடாயையும் தலைமுடியையும் அதுதான் ஆட்டி வைக்கிறது.

மருந்து போய் ஒட்டும் இடம் ஒன்று உண்டு என்ற எண்ணத்துக்கே நூற்றிச் சொச்சம் வயதுதான். கேம்பிரிட்ஜில் லாங்லி என்ற உடலியல் அறிஞர் கோழியின் தசையில் நிகோட்டினை வைத்துப் பார்த்தார், தசை சுருங்கியது. குராரே என்ற அம்பு விஷத்தைக் கொடுத்தபின் வைத்தார், சுருங்கவில்லை. ஆனால் நேராக மின்சாரம் கொடுத்தால் அப்போதும் தசை சுருங்கியது. அப்படியென்றால் விஷம் தசையைக் கொல்லவில்லை. தசையில் எதையோ ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருள் இருக்கிறது, நிகோட்டினும் குராரேயும் அதற்குத்தான் போட்டி போடுகின்றன. 1905-ல் அவர் இதை எழுதினார். ஏற்பி என்று இன்று நாம் சொல்வதற்கு அதுதான் ஆரம்பம். ஒட்டாத பொருள் எதையும் செய்யாது என்று ஜெர்மனியில் பால் எர்லிக் வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் இதைப் புதுச்சேரி பஸ்ஸை வைத்துத்தான் சொல்வது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம் அல்லவா, அந்தத் துண்டு எங்கேயும் பயணம் போகப்போவதில்லை. ஆனால் அது கிடக்கும்வரை வேறு ஆள் உட்கார முடியாது. சளிக்குப் போடும் செட்டிரிசின் அப்படித்தான், தும்மலையும் மூக்கொழுகலையும் கிளப்பும் ஹிஸ்டமின் உட்கார வேண்டிய இடத்தில் துண்டாகக் கிடக்கிறது. ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால் அட்ரினலினுக்கு இதையே செய்கிறது, அவருக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. கூட்டம் முட்டி மோதினால் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்காருவதும் உண்டு, மருந்துகளிலும் அது நடக்கிறது. இடமெல்லாம் நிரம்பிய பிறகு இன்னும் ஐம்பது பேர் வந்தாலும் உட்காருகிறவர்கள் எண்ணிக்கை கூடாது. ஒரு அளவுக்கு மேல் மாத்திரையைக் கூட்டினால் பலன் ஏறாமல் தொல்லை மட்டும் ஏறுவது ஏன் என்று இதைக் கேட்டபின் யாரும் என்னிடம் மறுபடி கேட்டதில்லை.

குறைந்த எண் கொண்ட மருந்து எப்போதும் பலசாலி என்று தலைகீழாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வலிக்குப் போடும் புப்ரெனார்ஃபின் ஊசி 0.3 மில்லிகிராம், 10 மில்லிகிராம் மார்பினுக்கு ஈடு. எண்ணைப் பார்த்தால் அது முப்பது மடங்குக்கு மேல் கெட்டி. ஆனால் அது ஏற்பியில் உட்கார்ந்தாலும் அரைகுறையாகத்தான் தூண்டும். மூச்சை அடக்கும் விளைவு ஓரளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும், மார்பினில் அப்படி நிற்காது. இரண்டு வளைகோடு என்று சொன்னேனே, அதுதான் இது. கோடு எங்கே தொடங்குகிறது என்பது ஒன்று, எவ்வளவு உயரம் போகிறது என்பது வேறொன்று. அட்டையில் அச்சாவது முதலாவதைப் பற்றி மட்டும்.

போனது, போகாதது

எண்ணைப் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கோட்டை விடுகிறோம் என்பது என் இன்னொரு புகார். “ரெண்டு நாளா பிரஷர் மாத்திரை போடல, செக் பண்ணேன், நார்மலாத்தான் இருக்கு, அப்ப எதுக்கு மாத்திரை?” என்று கேட்பவர் நிறைய. அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஏறக்குறைய முழுசாகப் போக அதைப் போல நாலைந்து மடங்கு, அதாவது சுமார் ஒரு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். அவர் அளந்து பார்த்தது மாத்திரை இல்லாத பிரஷரை அல்ல, முந்தாநாள் போட்ட மாத்திரையின் பிரஷரை. இதே கணக்குத்தான் ஏறும்போதும். புதிதாக ஆரம்பித்த மருந்து நிலைக்கு வர அதே ஒரு வாரம் வேண்டும், மூன்றாம் நாளே “கேக்கல” என்று வந்து நின்றால் நான் என்ன செய்ய? தைராய்டு மாத்திரைக்குப் பாதியாகவே ஏழு நாள் ஆகும், அதனால்தான் அளவை மாற்றினால் ஆறு, எட்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். பாரசிட்டமாலுக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான், நாளில் சில தடவை போட வேண்டியிருப்பது அதனால். அதற்காக இஷ்டத்துக்குப் போடவும் முடியாது. பெரியவர்களுக்கே நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போனால் ஈரல் தாங்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்பிரின். ஹார்ட்டுக்குப் போடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், ரத்தத்தில் அரை மணி நேரம்கூட உருப்படியாக நிற்பதில்லை. ஆனால் அதற்குள் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் உள்ள ஒரு என்சைமை நிரந்தரமாக முடக்கிவிட்டுத்தான் போகிறது. தட்டணுவுக்குப் புதிய என்சைம் செய்துகொள்ளும் வசதி கிடையாது. அது ஏழிலிருந்து பத்து நாள் வாழும் காலம் முழுக்க முடங்கியே இருக்கும். மருந்து போய்விட்டது, மருந்தின் வேலை போகவில்லை. பல் பிடுங்கப் போகிற இடத்தில் “நேத்தே நிறுத்திட்டேன் டாக்டர்” என்று சொல்வது எதற்கும் உதவாது. கேட்காமல் நிறுத்துவது அதைவிட ஆபத்து என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஆளுக்கு ஆள் வித்தியாசம். “அவருக்கு நல்லாக் கேட்டுச்சு, எனக்குக் கேக்கலையே” என்பதைப் பலரும் புலம்பல் என்று நினைக்கிறார்கள். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் இதைத் துல்லியமாகப் பார்த்தார்கள். ஐசோனியசிட் என்ற காசநோய் மாத்திரையைச் சிலருடைய ஈரல் மளமளவென்று செயலிழக்க வைக்கிறது, சிலருடையது மெதுவாக. பிறப்பிலேயே வருகிற வேறுபாடு இது, நம் ஊரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மெதுவான கூட்டம். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது வேகமான கூட்டத்துக்குப் பலன் குறைந்தது. மெதுவான கூட்டத்துக்குக் கை கால் மரத்துப்போகும் தொல்லை அதிகம், கூடவே ஒரு பி6 மாத்திரை கொடுப்பது அதைத் தடுக்கத்தான். அட்டையில் இருவருக்கும் ஒரே 300.

யானைக்கால் மாத்திரை

கடலூரில் வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம்விட நன்றாகத் தெரிந்த மாத்திரை ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து வருஷத்துக்கு ஒரு நாள் வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, டி.இ.சி. மாத்திரை. ஒன்று 100 மில்லிகிராம். சின்னப் பிள்ளைக்கு ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இரண்டு, பெரியவர்களுக்கு மூன்று. வாங்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, ஆள் போனதும் தூக்கிப் போட்ட வீடுகள் எத்தனையோ. காரணம் கேட்டால், “மூணு மாத்திரை ஒரே நேரத்துல போட்டா காய்ச்சல் வருதுப்பா. போன வருஷம் அவருக்கு வந்துச்சு.” இங்கேயும் எண்தான் பயமுறுத்தியது.

ஆனால் அந்த வீட்டிலேயே மூன்று மாத்திரை போட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. காய்ச்சல் வந்தவரின் ரத்தத்தில் ஏற்கெனவே யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். கால் வீங்காமல், எந்த அறிகுறியும் இல்லாமல் வருஷக்கணக்கில் அவை இருக்க முடியும். அவை கூட்டமாகச் செத்து விழும்போது உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அந்தக் காய்ச்சல், தலைச்சுற்றல் எல்லாம். பெரும்பாலும் மாத்திரை யாருக்குத் தேவைப்பட்டதோ அவருக்குத்தான் காய்ச்சல் வந்தது. அவர்தான் மறு வருஷம் வேண்டாம் என்றார். பெரிய புழுக்கள் ஒரே வருஷத்து மாத்திரையில் முழுசாகச் சாவதில்லை, அவை நாலைந்து வருஷம் உயிரோடிருந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். வருஷா வருஷம் கொடுத்தது அதற்காக. டி.இ.சி.யில் இன்னொரு விசித்திரம், சோதனைக்குழாயில் புழுவையும் மருந்தையும் ஒன்றாகப் போட்டால் புழுவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. உடம்புக்குள் போனால்தான், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அது வேலை செய்கிறது.

2018-க்குப் பிறகு வேறு சில மாநிலங்களில் மூன்று மருந்தாகச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். டி.இ.சி. 100, அல்பெண்டசோல் 400, ஐவர்மெக்டின் 3. இதில் அல்பெண்டசோல் பெரும்பகுதி ரத்தத்துக்கே வராமல் குடலோடு போய்விடும், 400 என்ற எண் அதற்கும் சேர்த்துத்தான். 3 மில்லிகிராம் ஐவர்மெக்டினைத்தான் ஆளின் உயரத்தைக் குச்சி வைத்து அளந்து பார்த்து, இவருக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். மூன்றையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, 400-ஐ மட்டும் ஓரமாக வைத்துவிட்டு மற்றதை விழுங்குகிற ஒருவர் அங்கேயும் இருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை.